தள்ளிப்போன படங்களும் காலியான வெள்ளிக்கிழமைகளும்

2023 ஹாலிவுட் வேலைநிறுத்தத்தில் வெளியீடு தள்ளிப்போன படங்களில் 'டியூன்: பாகம் இரண்டு' பெரிய வெற்றி பெற்றது, 'கிரேவன் தி ஹன்டர்' வந்த சுவடு தெரியாமல் போனது, அப்படியானால் தள்ளிவைப்பது ஒரு படத்தின் வசூலுக்கு நல்லதா கெட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். மறுபடியும் ஒரு வேலைநிறுத்தம் வந்தால் எந்தப் படம் தப்பிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்பதையும் சேர்த்திருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடப்பதாக எனக்குப் படுகிறது. நடிகர்கள் ஊர் ஊராக வந்து பேசாவிட்டால் டிக்கெட் விற்காதா என்பது ஒன்று. தேதி மாறிவிட்டது என்பதாலேயே ஒரு படத்தின் மதிப்பு குறைந்துவிடுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் ஒரே விடை கிடையாது. சென்னையில் ஒரு திரையரங்குக் குழுமத்தில் பதினாறு ஆண்டுகளாக, எந்த வெள்ளிக்கிழமை எந்தப் படத்துக்கு எந்தத் திரை, எத்தனை காட்சி என்று ஒதுக்குவதுதான் என் வேலை. ஸ்டுடியோக்களின் அறைக்குள் உட்கார்ந்து பேசியவன் அல்லன் நான். அவர்கள் அங்கே ஒரு தேதியை மாற்றினால் இங்கே மேசையில் என்ன நடக்கிறது என்பதைப் பார்த்தவன். அந்த இடத்திலிருந்து தெரிவதைத்தான் என்னால் சொல்ல முடியும்.

முதலில் நடந்தது என்ன என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். அந்த ஆண்டு நடந்தவை இரண்டு வேலைநிறுத்தங்கள். சுமார் 11,500 உறுப்பினர்களைக் கொண்ட எழுத்தாளர் சங்கம் மே 2 அன்று வேலையை நிறுத்தி 148 நாள் தாக்குப்பிடித்தது. சாக்-ஆஃப்ட்ரா என்ற நடிகர் சங்கம் ஜூலை 14 அன்று இறங்கி நவம்பர் 9 வரை 118 நாள் நின்றது. இரு சங்கங்களும் ஒரே நேரத்தில் களத்தில் இருந்தது 1960க்குப் பிறகு அதுவே முதல் முறை. இரண்டும் திரையரங்கைத் தாக்கும் விதம் வேறு. எழுத்தாளர்கள் நிறுத்தினால் அமெரிக்கத் தொலைக்காட்சியின் நள்ளிரவு உரையாடல் நிகழ்ச்சிகள் அன்றைக்கே நின்றுவிடும். திரைப்படங்களுக்கோ அடி மெதுவாக, ஒன்றரை இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் விழும். கையில் இருக்கும் திரைக்கதையை வைத்துப் படப்பிடிப்பை ஓட்டிவிடலாம். நடிகர்கள் நிறுத்தினால் மறுநாளே கேமரா நிற்கும். அதோடு, படத்தை விளம்பரப்படுத்துவதும் வேலைதான் என்பது சங்கத்தின் விதி. பேட்டி, முதல் காட்சி, திரைப்பட விழா எதுவும் கூடாது. நடிகர் தன் சமூக ஊடகப் பக்கத்தில் ஒரு வரி எழுதுவதும் கூடாது. ஜூலை 13 அன்று லண்டனில் 'ஓப்பன்ஹைமர்' முதல் காட்சிக்கு வந்திருந்த நடிகர்கள், சங்கத்தின் அறிவிப்பு நெருங்கியதும் படம் தொடங்கும் முன்பே எழுந்து போனார்கள். அன்றிலிருந்து, ஏற்கெனவே முடிந்திருந்த படங்களைக் கையில் வைத்திருந்தவர்களுக்கும் தலைவலி தொடங்கியது.

தள்ளிப்போன படங்களை எல்லாரும் ஒரே கூடையில் போட்டுப் பேசுவதுதான் குழப்பத்துக்குக் காரணம் என்று நினைக்கிறேன். முடிந்து தயாராக இருந்த படங்கள் ஒரு வகை: டியூன், 'சேலஞ்சர்ஸ்', கிரேவன். இவற்றை வெளியிட்டிருக்கலாம், வேண்டாம் என்று ஸ்டுடியோ முடிவெடுத்தது. படப்பிடிப்பின் நடுவில் அகப்பட்டுக்கொண்டவை இன்னொரு வகை: 'டெட்பூல்' மூன்றாம் படம், 'மிஷன்: இம்பாசிபிள்' எட்டாம் படம். இவற்றுக்கு வேறு வழியே இல்லை. முதல் வகையில் தாமதம் ஓர் உத்தி. இரண்டாம் வகையில் அது ஒரு செலவு. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எந்த விடையும் கிடைக்காது.

டியூனையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கதையில் மிகவும் தெளிவாகப் பேசும் படம் அதுதான். 2023 நவம்பர் 3 அன்று வருவதாக இருந்தது. எங்கள் லாபியில் ஆள் உயரத்துக்கு ஒரு அட்டைத் தட்டி நின்றது. அடியில் நவம்பர் 3 என்று கொட்டை எழுத்தில் தேதி. ஆகஸ்ட் கடைசி வாரத்தில் 2024 மார்ச் 15 என்று அறிவிப்பு வந்தது. ஊழியர் ஒருவர் வெள்ளைக் காகிதத்தை நறுக்கி அந்தத் தேதியின் மேல் ஒட்டினார். விளக்கு வெளிச்சத்தில் பழைய தேதி காகிதத்தை மீறித் தெரிந்துகொண்டே இருந்தது. பிறகு படம் இன்னும் இரண்டு வாரம் முன்னால் நகர்ந்து மார்ச் 1க்கு வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தடுமாற்றமாகத் தெரிந்திருக்கலாம். காட்சி ஒதுக்குபவனின் கண்ணுக்கு அது நல்ல கணக்காகத் தெரிந்தது, காரணம் ஐமேக்ஸ் என்ற மிகப் பெரிய திரை. அந்தத் திரைகள் எண்ணிக்கையில் குறைவு. ஒரு படம் இத்தனை வாரத்துக்கு என்று முன்பதிவு செய்துவிட்டால் மற்றது உள்ளே வர முடியாது. 2023 ஜூலையில் வந்த மிஷன்: இம்பாசிபிள் ஏழாம் படம் ஒன்றரை வாரம்கூட ஆகாத நிலையில் தன் ஐமேக்ஸ் திரைகளை ஓப்பன்ஹைமருக்குக் கொடுத்துவிட்டு நின்றது எல்லாருக்கும் நினைவிருக்கும். மார்ச் 1 என்பது டியூனுக்குத் தானாகக் கிடைத்த இடம் அல்ல. பிக்சாரின் 'எலியோ' அந்தத் தேதியில் வருவதாக இருந்தது. வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அது 2025க்குப் போனது. மார்ச் 22க்கு வரவிருந்த 'ஸ்னோ ஒயிட்' படமும் ஓர் ஆண்டு தள்ளிப்போனது. ஒரு வேலைநிறுத்தம் டியூனை நவம்பரிலிருந்து விரட்டியது, அதே வேலைநிறுத்தம் மார்ச் மாதத்தை அதற்குக் காலி செய்தும் கொடுத்தது.

விளைவு எண்களில் இருக்கிறது. வட அமெரிக்காவில் முதல் வார இறுதியில் 8.25 கோடி டாலர், உலகம் முழுவதும் சுமார் 71 கோடி டாலர். 2021 இல் வந்த முதல் பாகத்தின் முதல் வார இறுதி 4.1 கோடி, மொத்தம் 40 கோடியை ஒட்டி. இது உறுதியான செய்தி. நவம்பரில் வந்திருந்தால் குறைவாகத்தான் வசூலித்திருக்கும் என்பது உறுதியான செய்தி அல்ல, அது ஊகம். முதல் பாகம் அமெரிக்காவில் அதே நாளில் வீட்டுத் திரைக்கும் (ஓடிடிக்கும்) வந்தது, கொரோனா அச்சமும் தீரவில்லை. ஆகவே அதை அளவுகோலாக வைத்து இரண்டாம் பாகத்தின் உயர்வு முழுவதையும் தேதி மாற்றத்தின் கணக்கில் எழுதக் கூடாது. இருந்தாலும் என் தனிப்பட்ட முடிவு, காத்திருந்தது சரி என்பதுதான். பிப்ரவரியில் லண்டன் முதல் காட்சிக்குப் படத்தின் நாயகி ஜெண்டயா வெள்ளி நிற இயந்திரமனித உடையில் வந்து நின்ற புகைப்படம் சினிமாவே பார்க்காதவர்களின் கைப்பேசி வரைக்கும் போய்ச் சேர்ந்தது. நவம்பர் 3 அன்று அது நடந்திருக்க வாய்ப்பே இல்லை. நடிகர்கள் அன்றைக்கு இன்னும் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள்.

அப்படியானால் நடிகர்கள் இல்லாமல் டிக்கெட் விற்காதா? விற்கும், அதையும் அதே ஆண்டு காட்டியது. வேலைநிறுத்தம் தொடங்கி ஒரு வாரத்தில், ஜூலை 21 அன்று, 'பார்பி' வந்தது. முதல் வார இறுதியில் வட அமெரிக்காவில் மட்டும் 16.2 கோடி டாலர், முடிவில் உலகெங்கும் 144 கோடி. இதைக் காட்டி "பார்த்தீர்களா, விளம்பரமே தேவையில்லை" என்று அப்போது பலர் எழுதினார்கள். அது தவறான பாடம். பார்பி குழு நாடு நாடாகச் சுற்றிப் பேசவேண்டியதைப் பேசி முடித்த பிறகுதான் சங்கம் கதவைச் சாத்தியது. சரியான பாடம் அக்டோபரில் கிடைத்தது. 'ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெட்டீஸ்' என்ற பேய்ப்படம், சுமார் 2 கோடி டாலரில் எடுத்தது, நடிகர்கள் வாய் திறக்க முடியாத நேரத்தில், வீட்டுத் திரையிலும் அதே நாளில் கிடைக்கும்படி வந்து, முதல் வார இறுதியில் 8 கோடி டாலர் அள்ளியது. அந்தக் கணினி விளையாட்டை ஆடி வளர்ந்த பிள்ளைகள் நடிகரைப் பார்க்க வரவில்லை. பொம்மையைப் பார்க்க வந்தார்கள். டெய்லர் ஸ்விஃப்ட்டின் கச்சேரிப் படம் சங்கத்தோடு தனி ஒப்பந்தம் செய்துகொண்டு வந்தது, முதல் வார இறுதியில் 9 கோடிக்கு மேல் எடுத்தது. அவருடைய ரசிகர்களுக்கு யாரும் போய்ப் படத்தை அறிமுகம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

மறுபக்கத்துக்கு எல்லாரும் காட்டும் உதாரணம் 'புளூ பீட்டில்'. அதிகம் அறியப்படாத சூப்பர் ஹீரோ, ஆகஸ்ட் 18 வெளியீடு, பேச ஒரு நடிகரும் இல்லை. இயக்குநர் தனியாக நின்று பேசினார். முதல் வார இறுதி 2.5 கோடி, உலக மொத்தம் 13 கோடி. வேலைநிறுத்தம் ஒரு நல்ல படத்தைக் கொன்றுவிட்டது என்று வருந்துபவர்களோடு நானும் வருந்துகிறேன், லத்தீன் அமெரிக்கக் குடும்பம் ஒன்றை அவ்வளவு அன்போடு காட்டிய படம் அது. ஆனால் காரணம் வேலைநிறுத்தம்தான் என்று ஒப்புக்கொள்ள என்னால் முடியவில்லை. அதே ஸ்டுடியோவின் 'ஷஸாம்' இரண்டாம் பாகம் அதே ஆண்டு மார்ச்சில், நடிகர்கள் எல்லாரும் தாராளமாகப் பேசிய காலத்தில் வந்தது; அதன் உலக வசூலும் ஏறத்தாழ 13 கோடிதான். அந்த வகைப் படங்கள் மீது பார்வையாளர்களுக்கு ஏற்பட்டிருந்த சலிப்பு எவ்வளவு, விளம்பரமின்மை எவ்வளவு என்று பிரித்துக் காட்ட எந்த வசூல் பட்டியலாலும் இயலாது.

இத்தனை ஆண்டு பார்த்ததில் எனக்குத் தெரிந்த வேறுபாடு இதுதான்: படத்தின் பெயரே மக்களுக்குத் தெரிந்திருந்தால் நடிகர் பேசாவிட்டாலும் ஓடும், பெயர் தெரியாது, நடிகரைத்தான் தெரியும் என்றால் அவர் வந்து பேசும் வரை காத்திருப்பது நல்லது. சேலஞ்சர்ஸ் நடிகரை நம்பி வரும் படம். வெனிஸ் திரைப்பட விழாவின் தொடக்கப் படமாக அறிவிக்கப்பட்டுப் பின்வாங்கியது. 2023 செப்டம்பர் 15 இலிருந்து 2024 ஏப்ரல் 26க்குப் போனது. மூன்று டென்னிஸ் ஆட்டக்காரர்களின் காதல் சிக்கல், தொடர்கதை இல்லை, பறக்கும் நாயகர்கள் இல்லை. ஜெண்டயா டென்னிஸ் பந்து குத்திய குதிகால் செருப்போடு ரோமில் நடந்து அந்தப் படத்தை உலகுக்குச் சொன்னார். வசூல் சுமார் 9.6 கோடி, செலவு 5.5 கோடி என்று சொல்லப்படுகிறது. திரையரங்கின் பங்கு போக ஸ்டுடியோவின் கைக்கு ஏறத்தாழ பாதிதான் போகும் என்பதால் திரையரங்கு வசூலில் மட்டும் அது லாபம் பார்க்கவில்லை. ஆனால் செப்டம்பரில் யாரும் பேசாமல் வந்திருந்தால் இதில் பாதியாவது வந்திருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

கிரேவனின் கதைக்கு அதிக விளக்கம் தேவையில்லை. 2023 அக்டோபர் 6, பிறகு 2024 ஆகஸ்ட் 30, பிறகு டிசம்பர் 13. இடையில் அதே ஸ்டுடியோவின் 'மேடம் வெப்' வந்து, சிலந்தி மனிதன் இல்லாத அந்தச் சிலந்தி உலகத்தில் மக்களுக்கு ஆர்வம் இல்லை என்பதைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. கிரேவனின் முதல் வார இறுதி 1.1 கோடி. இதை வேலைநிறுத்தத்தின் தலையில் கட்டுவது நியாயம் அல்ல. தாமதம் அந்தப் படத்துக்குச் செய்த தீங்கு சிறியதுதான்: ஒரே டிரெய்லரை மாதக்கணக்கில் திரும்பத் திரும்பப் போடும்போது, "இந்தப் படம் இன்னும் வரவில்லையா" என்று இருட்டில் யாராவது சொல்வார்கள். அந்த வாக்கியம் அரங்கில் கேட்கத் தொடங்கிவிட்டால் நான் அந்தப் படத்துக்குக் காட்சிகளைக் குறைத்துத்தான் எழுதுவேன்.

படப்பிடிப்பின் நடுவில் அகப்பட்டுக்கொண்ட படங்களில் பணம் வேறு வழியில் கசியும். கடன் வாங்கி எடுக்கும் படத்துக்கு நிற்கும் ஒவ்வொரு மாதமும் வட்டி. போட்ட செட்டுக்கு வாடகை, தேதி கொடுத்த கலைஞர்களை மறுபடியும் ஒன்றுசேர்க்கும் செலவு. டெட்பூல் 2024 மே 3 இலிருந்து ஜூலை 26க்கு மட்டுமே நகர்ந்ததால் பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. 133 கோடி டாலருக்கு மேல் எடுத்தது. ஆனால் அது அமர்ந்த ஜூலை 26 என்பது கேப்டன் அமெரிக்கா படத்தின் இருக்கை. அந்தப் படம் 2025 பிப்ரவரிக்குப் போனது. ஒருவர் எழுந்தால் வரிசையே நகர வேண்டியிருக்கிறது. மிஷன்: இம்பாசிபிள் எட்டாம் படம் 2024 ஜூன் 28 இலிருந்து 2025 மே 23க்குத் தள்ளிப்போய், 60 கோடி டாலருக்குச் சற்றுக் குறைவாக வசூலித்தது. பத்திரிகைகள் சொன்ன செலவு 30 முதல் 40 கோடி. அந்த அளவு செலவுக்கு அது போதுமான வசூல் அல்ல. அந்தச் செலவில் வேலைநிறுத்தத்தின் பங்கு எவ்வளவு என்பது தயாரிப்பாளர்களின் கணக்குப் புத்தகத்துக்கு வெளியே தெரியாத விஷயம். படப்பிடிப்பு 2022 இலேயே தொடங்கியது.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றை இங்கே சேர்க்காமல் போனால் பதில் குறையாகிவிடும். தள்ளிப்போன படங்களைவிட, அவை விட்டுச்சென்ற தேதிகள்தான் அதிகம் அடிபட்டன. ஸ்னோ ஒயிட் காலி செய்த 2024 மார்ச் 22 அன்று அமெரிக்கத் திரையரங்குகளுக்கு டிஸ்னி அனுப்பியது 'லூகா' படத்தை. மூன்று ஆண்டுகளாக வீட்டுத் திரையில் கிடந்த படம். மே முதல் வாரம் அங்கே கோடைக் காலத்தின் கொடியேற்றம். டெட்பூல் காலி செய்த மே 3 அன்று 'தி ஃபால் கை' வந்து சுமார் 2.8 கோடி எடுத்தது. அந்த வார இறுதியில் இரண்டாம் இடம் பிடித்தது 1999 இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் மறுவெளியீடு. இருபத்தைந்து ஆண்டுப் பழைய படம் இரண்டாம் இடத்தில் நிற்கிறது என்றால் கடையில் சரக்கு இல்லை என்று பொருள். அந்த மாத இறுதியின் நினைவு நாள் விடுமுறையில் முதலிடம் பெற்ற 'ஃப்யூரியோசா' நான்கு நாளில் 3.2 கோடி எடுத்தது. கொரோனா ஆண்டைத் தவிர்த்தால் 1995க்குப் பிறகு அந்த விடுமுறைக்கு அவ்வளவு குறைவான முதலிடம் இல்லை. அந்த நிலையில் வட அமெரிக்காவின் ஆண்டு வசூல் 2023 ஐவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பின்தங்கியிருந்தது. பிறகு 'இன்சைட் அவுட் 2', டெட்பூல், ஆண்டின் கடைசியில் 'மோனா 2' என்று வந்து தூக்கிவிட்டதால் 2024 சுமார் 870 கோடி டாலரில் முடிந்தது. 2023 இல் 890 கோடி, கொரோனாவுக்கு முந்தைய 2019 இல் 1,130 கோடி. மோனா 2 தொடராகத் திட்டமிட்டுப் பிறகு படமாக மாற்றப்பட்டது. நாட்காட்டியில் விழுந்த ஓட்டையை அடைக்கத்தான் மாற்றினார்கள் என்று சிலர் சொல்கிறார்கள். பொருந்தி வருகிறது, ஆனால் அதற்கு மேல் அதை அழுத்திச் சொல்ல மாட்டேன்.

ஸ்டுடியோக்களுக்கு இந்த இடைவெளி ஒரே சீராக வலிக்கவில்லை. வார்னர் பிரதர்ஸ் டிஸ்கவரி நிறுவனம் வேலைநிறுத்தத்தால் தன் 2023 லாபத்தில் (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன்) 30 முதல் 50 கோடி டாலர் குறையும் என்று பங்குதாரர்களிடம் அறிவித்தது. அதே நேரத்தில் படப்பிடிப்பு இல்லாததால் அன்றாடச் செலவும் குறைந்து, கையிருப்புப் பணம் கூடியது. திரையரங்குக்கு அப்படி ஒரு ஈடு கிடையாது. படம் இல்லாவிட்டாலும் வாடகையும் சம்பளமும் மின்கட்டணமும் நிற்காது. இங்கே தமிழ்ப் படங்கள் இருப்பதால் எங்கள் கூடம் காலியாகவில்லை. ஐமேக்ஸ் திரையில் மட்டும் அந்த இளவேனில் முழுவதும் கை பிசைந்துகொண்டிருந்தேன்.

சென்னையில் உண்மையான அடி விழுந்த இடம் வேறு. ஓப்பன்ஹைமர், டியூன் இரண்டுக்கும் காட்சி விளைவுப் பணி (விஎஃப்எக்ஸ்) செய்த டிஎன்இஜி நிறுவனத்துக்குச் சென்னையிலும் கிளை உண்டு; அது போன்ற பல கூடங்களில் நம் ஊர்ப் பிள்ளைகள் ஹாலிவுட் படங்களுக்கு வேலை செய்கிறார்கள். அமெரிக்காவில் கேமரா நின்றால் சில மாதங்களில் இங்கே கணினிக்கு வந்துசேரும் காட்சிகள் வற்றிப்போகும். என் நண்பரின் தம்பி, வேறொரு சிறு கூடத்தில் ஒப்பந்தத்தில் இருந்தவன், 2023 இறுதியில் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் எட்டு மாதம் திருமணப் படங்களுக்கு நிறம் திருத்திக்கொண்டிருந்தான். நடிகர்களின் கோரிக்கை நியாயமானது என்றே நான் நம்புகிறேன். முகத்தையும் குரலையும் இயந்திரம் நகலெடுக்கும் காலத்தில் அவர்கள் வேறென்ன செய்திருக்க முடியும்? ஆனால் அந்த வெற்றியின் எந்த வரியிலும் இந்தப் பையனின் பெயர் இல்லை. வசூல் பட்டியல் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவன் நினைவு வரும்.

அடுத்த முறை என்ன ஆகும் என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். 2023 இல் கையெழுத்தான ஒப்பந்தங்கள் மூன்று ஆண்டுக் கணக்கு: எழுத்தாளர்களுடையது 2026 மே 1 வரை, நடிகர்களுடையது 2026 ஜூன் 30 வரை. இப்படி ஒரு ஒப்பந்தம் முடியும் காலம் நெருங்கும்போதெல்லாம் ஸ்டுடியோக்கள் படப்பிடிப்பை முன்னதாகவே முடிக்கப் பார்ப்பார்கள். ஒரு படம் தள்ளிப்போகிறது என்று செய்தி வந்தால், படம் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முடிந்திருந்தால், புதிய தேதிக்கு முன்னும் பின்னும் இரண்டு வாரத்தில் வேறு யார் வருகிறார்கள், ஐமேக்ஸ் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். இடம் காலியாக இருந்து, மக்கள் தேடி வருவது நடிகரைத்தான் என்றால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. முடியாத படமாக இருந்தால் வசூலைக் கணிக்கும் முன் செலவு எவ்வளவு கூடியிருக்கும் என்று கேளுங்கள். தேதி மூன்றாம் முறையாகவும் மாறியிருந்தால், நான் அந்தப் படத்துக்குச் சிறிய திரையைத்தான் ஒதுக்குவேன்.